முப்பத்தெட்டு பாக்கெட்டும் இரண்டு மோட்டாரும்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனது ஒரு புதன்கிழமை. அதை நானே சரிசெய்கிறேன் என்று என் கணவர் சட்டையைக் கழற்றியதும் அதே புதன்கிழமைதான். ஃப்ரிட்ஜை நான் மன்னித்துவிட்டேன். பெங்களூருக்கு வீடு மாற்றிக்கொண்டு போன ஒருவரிடம் வாங்கியது அது. எங்கள் கைக்கு வரும்போதே அதற்கு ஏழெட்டு வயது. மனுஷனைத்தான் இன்னும் முழுசாக மன்னிக்க முடியவில்லை.

இவர் பெயர் தங்கதுரை. அம்பாசமுத்திரம் பக்கம். ஓசூர் சிப்காட்டில் கார் உதிரிபாகம் கடையும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறார். பதினாறு சி.என்.சி. மெஷின் இவர் பொறுப்பில் ஓடுகிறது. இந்தப் பதினாறைப் பெண் பார்க்க வந்த அன்றே என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்கிறார். நான் ரஞ்சிதா. செல்போனுக்குள் போகும் சின்னப் பலகைகளைச் சோதிக்கும் லைனில் எனக்கு வேலை. மூக்கண்டப்பள்ளியில் சரோஜம்மாள் என்கிற அம்மாவின் லைன் வீட்டில் குடியிருக்கிறோம். ஒரே ஹால், அதிலேயே ஓர் ஓரத்தில் சமையல் மேடை, அதன் பக்கத்தில் ஃப்ரிட்ஜ், மிச்ச இடத்தில் நாங்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் எங்கள் பெண். நாலரை மாதம் ஆகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையோடு என் பிரசவ லீவு முடிவதாக இருந்தது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கார்டு தேய்க்கவில்லை என்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும் என்று லைன் லீடர் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதில் எனக்குச் சண்டை இல்லை. வேலைக்குப் போக எனக்கும் ஆசைதான். நான் முதல் ஷிஃப்ட், இவர் இரண்டாம் ஷிஃப்ட். காலையில் பாப்பா இவரிடம், மதியத்துக்கு மேல் என்னிடம். நடுவில் வரும் ஒன்றரை மணி நேரத்துக்குச் சரோஜம்மாள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். எல்லாம் சரியாகத்தான் பொருந்தியது. பாப்பாவுக்குப் பவுடர் பால் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு முறை கொடுத்துப் பார்த்தோம். இரண்டு முறையும் வாந்தி, உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. ஆறு மாதம் முடிந்ததும் ராகிக் கூழ் ஆரம்பிக்கலாம், அதுவரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்று டாக்டர் முடித்துவிட்டார்.

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் வேலைக்குப் போகிற நாளில் பாப்பாவுக்கு மூன்று பாக்கெட் பால் வேண்டும். வேலைக்கும் போய்க்கொண்டு என்னால் ஒரு நாளைக்கு இரண்டுதான் எடுத்துவைக்க முடியும். தினமும் ஒன்று குறையும். ஆறு மாதம் முடிய இன்னும் முப்பத்தெட்டு வேலைநாள். அப்படியானால் கையிருப்பாக முப்பத்தெட்டு பாக்கெட் வேண்டும். மெடிக்கலில் ஒரு கைப்பம்பு வாங்கினேன். நாற்பது நாள், பிள்ளை குடித்தது போக மிச்சத்தை எடுத்து, கவரில் அடைத்து, தேதியும் நேரமும் மார்க்கரில் எழுதி, ஃப்ரீசரில் அடுக்கினேன். முப்பத்தெட்டாவது பாக்கெட்டை வைத்தது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை ஃப்ரிட்ஜ் நின்றது.

நின்றது என்றால் முழுசாக நிற்கவில்லை. அதற்கு முன் இரண்டு நாள் உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். இவரிடம் சொன்னேன். காதை வைத்துக் கேட்டுவிட்டு, பழைய மெஷின் என்றால் கொஞ்சம் அதிரத்தான் செய்யும் என்றார். புதன்கிழமை காலையில் சத்தம் அடங்கிவிட்டது. நல்லதுதான் என்று நினைத்தேன். சாம்பாருக்குத் தக்காளி எடுக்கக் கீழ்க் கதவைத் திறந்தால் தக்காளிக்கு வேர்த்திருந்தது, பசும்பால் திரிந்திருந்தது. மேலே ஃப்ரீசரின் பின்சுவரில் ஐஸ் கனமாகப் படிந்திருந்தது. பின்பக்கம் கம்ப்ரஸர் என்னவோ சூடாக ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இவர் ஃப்ரீசருக்குள் இருந்த பிளாஸ்டிக் தகட்டை நாலு திருகாணி கழற்றி எடுத்தார். அதற்குப் பின்னால் கையகல விசிறி ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். குளிர் உண்டாவது தகட்டுக்குப் பின்னால். அதை ஃப்ரீசர் முழுக்கவும் கீழ்ப்பகுதிக்கும் தள்ளிவிடுவது அந்த விசிறி. அது நின்றால் குளிர் பின்னாலேயே கிடந்து ஐஸாகக் கட்டிக்கொள்ளும், முன்னால் இருப்பதெல்லாம் மெல்ல இளகும். வெந்நீர்ப் பாத்திரத்தை உள்ளே வைத்து ஐஸை இளக்கிவிட்டு, இறக்கையை விரலால் சுற்றினார். அது அரைச் சுற்றில் முனகி நின்றது. ஃபேன் மோட்டார் போய்விட்டது, உள்ளே பேரிங் இறுகிவிட்டது என்றார். இந்த ஒன்றை இவர் சரியாகத்தான் சொன்னார். நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன்.

திம்மராயனைக் கூப்பிடலாமே என்றேன். அவர் எங்கள் தெருமுனையில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பார்க்கிறவர். சரோஜம்மாள் வீட்டு ஃப்ரிட்ஜை அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டுப் போனவர். நான் கேட்டது ஒரு மெக்கானிக்கை. இவர் காதில் விழுந்தது என்னவோ, முகம் கறுத்துவிட்டது.

“பதினாறு மெஷின ஓட்டுதவன் ஒரு ஃப்ரிட்ஜுக்கு ஆள் கூப்பிட்டான்னு வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்? நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இது ஓடும், பாரு.”

அந்த நாளை மத்தியானம் வரைக்கும் பாக்கெட்டுகளை எங்கே வைப்பது என்ற கேள்வி இவருக்கு வரவில்லை. எனக்கு வந்தது. சரோஜம்மாள் வீட்டில் இருப்பது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். அதன் ஃப்ரீசரில் ஒரு ஐஸ் தட்டு நுழைவதே பெரிய விஷயம். தெருவில் பேக்கரி வைத்திருக்கும் ஹரீஷ்குமாரிடம் பெரிய ஐஸ்கிரீம் பெட்டி இருந்தது. போய்க் கேட்டேன். தாராளமாக வையுங்க அக்கா என்றார். பிறகு என்ன பால் என்று கேட்டார். சொன்னேன். அவர் பார்வை தரைக்குப் போய்விட்டது. வாடிக்கையாளர் யாராவது பார்த்தால் சங்கடம் அக்கா என்றார். மாடு கொடுத்த பால் அதே பெட்டியில் எட்டு நிறத்தில் குச்சியோடு கிடக்கிறது. அதில் யாருக்கும் சங்கடம் இல்லை. ஆனால் ஒரு பை நிறைய ஐஸ் கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும். மெடிக்கலில் ஊசிமருந்து வந்த தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கெஞ்சி வாங்கி, முப்பத்தெட்டையும் ஐஸுக்கு நடுவில் அடுக்கி, மூடி, மேலே என் பழைய சுடிதாரைச் சுற்றினேன்.

புதன்கிழமை ஷிஃப்டுக்குப் போவதற்கு முன்பே ஓசூரில் நாலு கடை ஏறி இறங்கினார். அந்த மாடலுக்கு இங்கே வருவதில்லை, பெங்களூர் சிட்டி மார்க்கெட் பக்கம் கிடைக்கும் என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். வியாழக்கிழமை காலையிலேயே பஸ் ஏறி, அத்திப்பள்ளியில் நின்று, சில்க் போர்டில் நின்று, மதியம் பன்னிரண்டரைக்கு ஒரு சின்ன அட்டைப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். மோட்டாரை மாட்டியதை நான் குறை சொல்ல மாட்டேன். பழைய இறக்கையை நுனி உடையாமல் உருவி, புதிய தண்டில் சொருகி, ரப்பர் வாஷரைப் பொருத்தி, ஒயரை இணைத்து, இருபது நிமிடத்தில் முடித்தார். பிளக்கைச் சொருகச் சொன்னார். சொருகினேன். ஃப்ரீசர் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

விசிறி ஓடவில்லை.

உடனே பிளக்கைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன். மெஷின் பழுதாக இருந்தால் கரண்டைத் துண்டித்து அட்டை மாட்ட வேண்டும் என்பது இவர்கள் கம்பெனியில் சட்டமாம். பையிலிருந்து சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து பிளக் ஒயரில் கட்டினார். ‘இயக்காதே. பொறுப்பு: தங்கதுரை, மெயின்டனன்ஸ்’ என்று அதில் எழுதியிருந்தது. கம்பெனி அட்டை வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. ஷிஃப்டுக்குப் போவதற்கு முன் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் போட்டார். கம்பெனியில் எது கெட்டாலும் ஐந்து முறை ‘ஏன்’ கேட்டு எழுத வேண்டுமாம். ஐந்தாவது ஏனில் உண்மையான காரணம் வந்து நிற்குமாம். எழுதி ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போனார். இவர் போன பிறகு படித்தேன். ஃப்ரிட்ஜ் ஏன் குளிரவில்லை, விசிறி ஓடவில்லை. விசிறி ஏன் ஓடவில்லை, மோட்டார் பழுது. மோட்டார் ஏன் பழுது, பேரிங் இறுகல். பேரிங் ஏன் இறுகியது, ஈரம். ஈரம் ஏன் வந்தது, கதவை அடிக்கடி திறந்தது. அதற்குக் கீழே ‘பொறுப்பு’ என்று ஒரு கட்டம். அதில் என் பெயர்.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தத் தாளை மறுபடி ஒருமுறை படித்தேன். அடிக்கடி கதவைத் திறந்தது உண்மைதான். முப்பத்தெட்டு முறை திறந்திருக்கிறேன். தாளைக் கிழித்து அடுப்புத் துடைக்க வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் பெங்களூர். மோட்டாரை மாற்றிக் கேட்கப் போனார். நடந்ததை இவரே வந்து சொன்னார், தன் பக்கம் ஞாயம் இருக்கிறது என்ற நினைப்பில். கடைக்காரர் கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே அந்த மோட்டாரை மேஜை மேல் வைத்து நேராகக் கரண்ட் கொடுத்தாராம். அது சுழன்றதாம். நன்றாகத்தானே ஓடுகிறது என்று அவர் கேட்டிருக்கிறார். மேஜையில் ஓடும், மாட்டினால் ஓடாது, இதுதான் டூப்ளிகேட் சரக்கின் குணம் என்று இவர் வாதாடியிருக்கிறார். பின்னால் ஆள் கூடிவிட்டது. எப்படியாவது இந்த மனுஷன் போனால் போதும் என்று அவர் இன்னொரு மோட்டாரை எடுத்துக் கொடுத்துவிட்டார். முன்பின் தெரியாத அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு அப்போதே பாசம் வந்துவிட்டது.

இரண்டாவது மோட்டாரையும் மாட்டினார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்தார். அதுவும் ஓடவில்லை. இந்த முறை மீட்டர் எடுத்து ஒயரின் நுனியில் வைத்துப் பார்த்தார். பூஜ்யம். மோட்டாருக்குக் கரண்டே வரவில்லை, அப்படியானால் ஐஸ் உருக்கும் டைமர்தான் போயிருக்கிறது, நாளைக்குப் போய் டைமர் வாங்கி வருகிறேன் என்றார். சிவப்பு அட்டை மறுபடி ஒயரில் ஏறியது.

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. பாப்பா தூங்கிக்கொண்டிருந்ததால் மெதுவாகக் கத்தினேன். திம்மராயனுக்கு ஒரு போன் போட்டால் உங்கள் கிரீடம் இறங்கிவிடுமா என்று கேட்டேன். காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது, இனி ஒரு பார்ட்தான் பாக்கி என்று இவர் நிதானமாகச் சொன்னார். அந்த நிதானம்தான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது. போகிற போக்கில், பால் எப்படி இருக்கிறது என்று தெர்மோகோல் பெட்டியைத் திறந்து வேறு பார்த்தார். திறக்காதீங்க என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஐஸைத் தடவிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே கிளம்பிவிட்டார். பத்து மணிக்கு நான் தினமும்போல ஐஸுக்காகப் பேக்கரிக்குப் போனேன். இரண்டு கேக் ஆர்டர், இருந்த ஐஸெல்லாம் காலி, மத்தியானம் வாங்க அக்கா என்றார் ஹரீஷ்குமார். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். மேல் வரிசையில் இருந்த பாக்கெட்டைத் தொட்டால் விரல் உள்ளே போனது. இரண்டாம் வரிசையும் அப்படியே. தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. ஓரத்தில் ஒரு கவரில் எழுதிய மை கரைந்து நீலமாகப் பரவியிருந்தது.

 அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபம் முன்னால் வந்தது. சிவப்பு அட்டையைப் பிய்த்து எறிந்தேன். விசிறி ஓடாவிட்டால் போகட்டும், கம்ப்ரஸர் ஓடுகிறதே, பின்சுவர் கொஞ்சமாவது குளிருமே, அதை ஒட்டி அடுக்கினால் இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று பட்டது. பிளக்கைச் சொருகினேன். பாக்கெட்டுகளைத் துடைத்து, கெட்டியாக இருந்தவற்றை உள்ளே தள்ளி வைத்து, மிச்சத்தை முன்னால் வைத்தேன். இவர் மேல் இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துக் கதவை அறைந்து சாத்தினேன்.

உள்ளே விர்ரென்று ஒரு சத்தம்.

கதவைத் திறந்தேன். சத்தம் நின்றது. விசிறி மெல்லச் சுழன்று ஓய்ந்துகொண்டிருந்தது. சாத்தினேன். விர்ர். திறந்தேன். நின்றது. காதைக் கதவில் வைத்து மறுபடி சாத்தினேன்.

இதை நான் பார்த்திருக்கிறேன். தினமும் பார்த்திருக்கிறேன். எங்கள் லைனில் சோதனைப் பெட்டிக்கு ஒரு கண்ணாடி மூடி உண்டு. மூடியைத் தூக்கினால் உள்ளே எல்லாம் நின்றுவிடும். மூடியின் விளிம்பில் ஒரு சின்ன ஸ்விட்ச். மூடி அதை அழுத்தினால்தான் கரண்ட் போகும். கை உள்ளே இருக்கும்போது எதுவும் ஓடக் கூடாது என்பதற்காக வைத்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதைக் காட்டித்தான் பாடம் ஆரம்பித்தார்கள். ஃப்ரீசரின் சட்டத்தில் விரலால் தடவிப் பார்த்தேன். கதவு வந்து உட்காரும் இடத்தில், ஓரமாக, வெள்ளை நிறத்தில் ஒரு பித்தான். கதவைத் திறந்தபடியே அதை அழுத்தினேன். விசிறி சுழன்று குளிர்காற்று முகத்தில் அடித்தது.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. அடுத்த நிமிடம் யோசனை ஓடியது. விசிறி ஓடுகிறதா என்று பார்க்க இவர் கதவைத் திறந்தார். கதவைத் திறந்ததால் விசிறி நின்றது. நின்றதால் மோட்டார் மோசம் என்று கழற்றினார். மீட்டர் வைத்துப் பார்த்தபோதும் கதவு திறந்துதான் இருந்தது. வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்கு இந்த ஃப்ரிட்ஜ் சரியாகிவிட்டது. அப்போது முப்பத்தெட்டும் கல்லுமாதிரி இருந்தன. கதவை ஒருமுறை சாத்தியிருந்தால் போதும். எல்லாவற்றுக்கும் அவசரப்படுகிற மனுஷன் பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் ஒரே ஒருமுறை கதவைச் சாத்தவில்லை.

போன் போட்டேன். சிட்டி மார்க்கெட்டில் டைமரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சொன்னேன். நம்பவில்லை. கதவு திறந்திருந்தால் மெஷின் ஏன் நிற்க வேண்டும் என்று என்னையே கேட்டார். பதினாறு மெஷின் வைத்திருப்பவர் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்துக்கொண்டே போனை வைத்தேன்.

ஒரு மணிக்கு வந்தார். நான் கதவைத் திறந்து பித்தானை அழுத்திக் காட்டினேன். விசிறி ஓடியது. விரலை எடுத்தேன், நின்றது. இவரும் அழுத்தினார், எடுத்தார், அழுத்தினார். மூன்று முறை. பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்க ப்ளான்ட்ல கதவு ஸ்விட்ச் எல்லாத்தையும் அமுக்கிக் கட்டிப்போட்டிருக்கு ரஞ்சிதா. பதினாறுக்கும். கதவத் தொறந்தாலும் ஓடும். பீஸுக்கு எட்டு செகண்ட் மிச்சம்.”

யார் கட்டியது என்று கேட்டேன்.

“நான்தான். அதுக்குத்தான் போன வருஷம் கடிகாரம் குடுத்தாங்க.”

சுவரில் மாட்டியிருக்கிற கடிகாரத்தைத்தான் சொன்னார். சிறந்த யோசனைக்கான பரிசு என்று ஊருக்கெல்லாம் போட்டோ அனுப்பியது. என்ன யோசனை என்று நானும் அன்றைக்குக் கேட்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாகத் திறந்த கதவுக்குள் மெஷின் ஓடுவதையே பார்த்துப் பார்த்து, கதவு திறந்தால் மெஷின் நிற்கும் என்பதே இவருக்கு மறந்துவிட்டிருக்கிறது. எனக்குக் கோபம் ஒருபக்கம், பயம் ஒருபக்கம். கை உள்ளே இருக்கும்போது ஓடினால் என்ன ஆகும் என்று கேட்டேன். எல்லாரும் பார்த்துத்தான் வேலை செய்வார்கள் என்றார். திங்கட்கிழமை போய் முதல் வேலையாக அதையெல்லாம் அவிழ்த்துவிட வேண்டும் என்றேன். மேனேஜர் சம்மதிக்க வேண்டுமே, பார்க்கிறேன் என்றார். அந்தச் சண்டையை நான் இன்னும் முடிக்கவில்லை.

பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். பெட்டியின் நடுவில், அடியில் இருந்த ஒன்பது மட்டும் இன்னும் கெட்டி. இருபத்தொன்பது உருகிவிட்டன. உருகினால் ஒரு நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடியும் உறைய வைக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் திட்டவட்டமாகச் சொல்லியிருந்தார். மறுநாள் காலை வரை பாப்பாவுக்கு உருகியதையே கொடுத்தேன், ஐந்து செலவானது. அந்த நேரத்தில் எனக்குச் சுரந்ததைப் புதிதாக எடுத்து உறைய வைத்தேன். அது நாலு. ஒன்பதும் நாலும் பதின்மூன்று. முப்பத்தெட்டு நாளுக்கு இருந்தது பதின்மூன்று நாளுக்கு வந்து நின்றது. அதற்கு மேல் கம்பெனி கழிப்பறையில் கதவைப் பூட்டிக்கொண்டு ஏழு நிமிட பிரேக்கில் பம்பு பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மிச்சம் இருந்த இருபத்து நாலையும் சிங்க்கில் ஊற்றப் போனேன். சரோஜம்மாள் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

“அதெல்லாம் சாக்கடையில ஊத்தக் கூடாதும்மா. பிள்ளை பாலு. பின்னாடி தென்னமரத்தடியில ஊத்து, அங்க யாரும் காலு வெக்க மாட்டாங்க.”

அங்கே நான் ஊற்ற மாட்டேன், என் வீட்டுக்காரரே ஊற்றட்டும் என்றேன். இவர் கத்தரிக்கோலையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனார். நான் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தேன். பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இவர் ஊற்றுவதை நான் பார்க்க வேண்டும், நான் பார்ப்பது இவருக்குத் தெரியவும் வேண்டும் என்று இருந்தது.

இரண்டு பாக்கெட் ஊற்றிய பிறகு, தலையைத் தூக்காமலே, பதினாலாம் நாளிலிருந்து பத்து மணி பிரேக்குக்குப் பாப்பாவை வண்டியில் என் கம்பெனி கேட்டுக்குக் கொண்டு வருகிறேன் என்றார். ஷிஃப்ட் நேரத்தில் எங்களை வெளியே விட மாட்டார்கள் என்றேன். கேட்டில் நின்று சண்டை போடுகிறேன், சிட்டி மார்க்கெட்டில் போடவில்லையா என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனுஷன் முகத்துக்கு நேரே சிரிக்க அன்றைக்கு மனசில்லை. பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு கவர்களில் எழுதியிருப்பதைப் படிக்க ஆரம்பித்தார். வெட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதினொன்றாம் தேதி, மூணு பத்து. பன்னிரண்டாம் தேதி, ரெண்டு நாற்பது. பதினாலு, நாலு மணி. பதினைந்து, மூணு இருபது. அதெல்லாம் மத்தியானமா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏழெட்டு படித்த பிறகு சத்தமாகப் படிப்பதை நிறுத்திவிட்டார். வெட்டி ஊற்றும் சத்தம் மட்டும் கேட்டது. நடுவில் கத்தரிக்கோலோடு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“என்னைய எழுப்பிருக்கலாம்லா?” என்றார்.

“எழுப்பினேன்,” என்றேன். “லைட்ட அணைன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்தீங்க.”

இவர் கடைசிப் பாக்கெட் வரைக்கும் நிதானமாக வெட்டி ஊற்றினார். வெற்றுக் கவர்களைக் குப்பையில் போடாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உள்ளே எடுத்துப் போனார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அன்றிரவு மூன்று மணிக்கு நான் விழித்தபோது சமையல் மேடையின் லைட் எரிந்துகொண்டிருந்தது. இவர் எனக்கு முன்னால் எழுந்து, வெந்நீர் வைத்து, பம்பைக் கழுவிக்கொண்டிருந்தார். வாங்கிப் பார்த்தேன். வால்வுக்குள் சோப்பு நுரை அப்படியே இருந்தது. மறுபடி நான் ஒருமுறை கழுவினேன்.